ஜப்பானிய வாளா? துருவில் கை வைக்காதீர்கள்

1945-இல் ஜப்பான் சரணடைந்த பிறகு நேசநாட்டுப் போர்வீரர்கள் தங்கள் ஊருக்குக் கொண்டுபோன வாள்களில் ஒன்று உங்களிடம் வந்து சேர்ந்திருந்தால், முதலில் பிடியைப் பாருங்கள். சிறிய மூங்கில் ஆணி ஒன்று தெரியும். அதை மெல்லத் தட்டி எடுத்தால் பிடி கழன்றுவரும். வாளின் ஜாதகமே உள்ளே மறைந்திருக்கும் வால்பகுதியில்தான். உளியால் வெட்டிய எழுத்து இருந்தால் பெரும்பாலும் கொல்லரின் பெயர். பின்பக்கம் தேதியும் இருக்கலாம். (போலிப் பெயர்களும் ஏராளம், உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம்!) எழுத்தோடு சிறு முத்திரை குத்தியிருந்தால் அநேகமாகப் போர்க்காலத் தயாரிப்பு.

வார்ப்பு உலோகப் பிடி, அலகிலேயே வரிசை எண் என்றால் 1935-இல் வந்த '95-ஆம் வகை' ராணுவ வாள். இயந்திரத்தில் செய்தது, மூங்கில் ஆணியைத் தேட வேண்டாம், திருகாணிதான்.

வால்பகுதியின் கருந்துருவை மட்டும் தேய்த்துவிடாதீர்கள். நிபுணர்கள் வயதைக் கணிக்க அதையும் பார்ப்பார்கள். பளபளவென்று ஆக்கினால் மதிப்பும் போய்விடும்.