நெருக்கடி வேளையில் விரைந்து பேசும் புள்ளிவிபரம்: செய்முறைக் குறிப்புகள்

பொருளாதார நெருக்கடியில் இருந்த இலங்கையில், 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. ஆனால் வறுமை குறித்து அப்போது கையிலிருந்த உத்தியோகபூர்வ மதிப்பீடோ, 14.3 சதவீதம் என்ற 2019ஆம் ஆண்டின் கணக்குத்தான். விலை மாதந்தோறும் அளக்கப்பட, வறுமை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே அளக்கப்படுகிறது. இந்த இடைவெளியைக் குறைக்கும் வேலை நெருக்கடிக்கு முன்பே தொடங்க வேண்டும்.

முதலாவதாக, வழமையான பெரிய கணக்கெடுப்பின்போதே ஒவ்வொரு குடும்பத்திடமும் தொலைபேசி எண்ணையும் மீண்டும் அழைப்பதற்கான சம்மதத்தையும் பெற்று வையுங்கள். அதே குடும்பங்களைப் பின்னர் அழைத்தால், யாருடைய நிலை எவ்வளவு சரிந்தது என்பதை முந்தைய தரவோடு ஒப்பிட்டுக் காட்டலாம்.

வினாக்கொத்து பதினைந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. தொலைபேசியில் வருமானத்தைக் கேட்டால் நம்பத்தகுந்த விடை கிடைப்பது அரிது. கடந்த ஏழு நாட்களில் எத்தனை வேளை உணவைக் குறைத்தீர்கள், நகையை அடகு வைத்தீர்களா, மருந்து வாங்குவதை நிறுத்தினீர்களா என்று கேளுங்கள்.

தொலைபேசி இல்லாதவர்களே பெரும்பாலும் மிக வறியவர்கள் என்பதால், நிறையிடல் (குறைவாக அகப்பட்ட பிரிவினரின் விடைகளுக்குக் கணக்கில் கூடுதல் எடை கொடுப்பது) மட்டும் போதாது. தேயிலை போன்ற பெருந்தோட்டப்புறங்களில் ஒரு சிறு மாதிரியையாவது நேரில் சந்தியுங்கள். செலவு கூடும்தான், ஆனால் இதில் சிக்கனம் பார்ப்பது தவறு.

அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுப் பணியகம் 2020 ஏப்ரலில் தொடங்கிய விரைவுக் கணக்கெடுப்பைப் போல, முடிவுகளைப் "பரிசோதனை நிலை" என்று வெளிப்படையாகக் குறித்து, பிழை எல்லைகளுடன் (மதிப்பீடு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற வரம்புடன்) சில வாரங்களுக்குள் வெளியிடுங்கள்.