வெளிநாட்டுக் கடனில் ரயில் பாதை: ஜாமீன்தாரர் யார் என்று முதலில் பாருங்கள்

மதுரையில் ஒத்தக்கடையிலிருந்து திருமங்கலம் வரை 32 கிலோமீட்டர் மெட்ரோ வரும், பணத்தை வெளிநாட்டு வங்கிகளிடம் கேட்பார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, குரூப் தேர்வுக்குப் படிக்கும் என் நாத்தனார் மகன் கேட்டான்: "அத்தை, வெளிநாட்டுக் கடன்ல ரயில் விட்டா நல்லதா, கெட்டதா?" 2025 நவம்பரில் அந்தத் திட்ட அறிக்கையை மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. அவன் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. நான் முப்பத்தோரு வருஷம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவள். அப்பா போடி லைனில், அதாவது மதுரை–போடி ரயில் பாதையில், தண்டவாளத்தைச் சோதித்துப் பார்க்கும் கீமேன். அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டும், நீங்கள் பார்க்க நினைக்கும் திட்டத்தைப் பற்றிய நாலைந்து செய்திகளும் போதும்.

எல்லோரும் முதலில் வட்டியைத்தான் பார்ப்பார்கள். அதைத் தள்ளி வையுங்கள். நோட்டில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: ரயிலில் கூட்டம் சேராவிட்டால் தவணையை யார் கட்டுவது?

உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், மச்சான் வாங்கிய டிராக்டர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். டிராக்டர் மச்சான் வயலில் உழுதது. தவணை நின்றதும் நோட்டீஸ் இவர் வீட்டுக்குப் போனது. அந்த நோட்டீஸைத் தயார் செய்தவள் நான். அவர் வங்கி வாசலில் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

மதுரைக்கு ரயில் 1875இல் வந்தது. 1876 ஜனவரியில் தூத்துக்குடியைத் தொட்டுவிட்டது. அந்தக் காலத்து ரயில் கம்பெனிகள் லண்டனில் பங்கு விற்றுத்தான் முதல் திரட்டின. ஆண்டுக்கு 5 சதவீதம் நிச்சயம் என்று அரசு உத்தரவாதம் கொடுத்தது, நிலத்தையும் இலவசமாகக் கொடுத்தது. வருமானம் குறைந்தால் மீதியை இந்தியக் கஜானா கட்டும். கஜானாவுக்கு வந்ததில் பெரும் பங்கு நிலத் தீர்வை. ஆக, ரயிலையே பார்த்திராத மேலூர் சம்சாரி கையெழுத்துப் போடாமலே ஜாமீன்தாரர் ஆகிவிட்டார். இந்திய அரசில் நிதிப் பொறுப்பில் இருந்த வில்லியம் மாஸியே 1872இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன் இதை ஒப்புக்கொண்டார்: 5 சதவீதம் உறுதியாக வரும்வரை, தன் பணத்தைக் கல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றில் கொட்டினாலும் செங்கல் சுண்ணாம்பாக மாற்றினாலும் இங்கிலாந்து முதலாளிக்கு ஒன்றுதான் என்று. போட்ட பணம் மூழ்கும் என்ற பயம் இல்லாதவன் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டான்.

இன்றைய செய்தியில் 'அரசு உத்தரவாதம்' என்ற சொல்லைத் தேடுங்கள். இல்லையென்றால், பின்னால் நுழைகிறதா என்று பாருங்கள். ஜகார்த்தா–பாண்டுங் அதிவேக ரயிலைச் சீனக் கடனில் தொடங்கியபோது அரசுப் பணம் போகாது என்றார்கள். செலவு எகிறியதும் 2021இல் அரசுப் பணத்துக்கு வழி திறந்தார்கள். நம் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் அரசின் கடனுதவி அமைப்பான ஜைக்காவும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் தருகிற 63,246 கோடி ரூபாய்த் திட்டம். சுமை மத்திய அரசுக்கா மாநிலத்துக்கா என்ற இழுபறி 2024 அக்டோபர் ஒப்புதல்வரை ஓடியது. கடன் கொடுத்தவர் மாறவில்லை, தண்டவாளம் மாறவில்லை. யார் தலையில் விழும் என்பது மட்டும்தான் சண்டை.

இரண்டாவது வரி: எந்த நாணயத்தில் திருப்பிக் கட்டுவது? டிக்கெட் காசு ரூபாயில் வரும், தவணை ரூபாயில் இல்லை. 1870களின் தொடக்கத்தில் ஒரு பவுண்டுக்குப் பத்து ரூபாய். 1890களின் நடுவில் பதினைந்துக்கும் மேலே போய்விட்டது. புதிதாக ஒரு மைல் பாதை போடாமலே சுமை ஒன்றரை மடங்கு. மும்பை–ஆமதாபாத் புல்லட் ரயில் கடனுக்கு வட்டி 0.1 சதவீதம், 50 ஆண்டு, முதல் 15 ஆண்டு தவணை கிடையாது. கேட்கும்போது இனிக்கிறது. ஆனால் அது யென் கடன். 1990இல் 100 யென் சுமார் 12 ரூபாய், 2020இல் சுமார் 70. வட்டியைத் தள்ளி வைக்கச் சொன்னது இதனால்தான்.

மூன்றாவது: சாமான் எங்கே வாங்க வேண்டும்? சின்ன வயதில் ஸ்டேஷன் வேலியில் கம்பமாக நட்டிருந்த பழைய தண்டவாளத் துண்டு ஒன்றை அப்பா காட்டினார். துரு ஏறிய பக்கவாட்டில் புடைத்த எழுத்துகள். என் விரலைப் பிடித்து அதன் மேல் ஓட்டினார். இங்கிலாந்து ஆலை ஒன்றின் பெயர், 18 என்று தொடங்கும் ஆண்டு. கடன் அங்கிருந்து வந்து, இரும்புக்கும் எஞ்சினுக்கும் விலையாக அங்கேயே திரும்பிப் போயிருக்கிறது. நாமும் இதைச் செய்கிறோம். இலங்கையில் தலைமன்னார் பாதையை இந்தியக் கடனில் நம் ரயில்வே துறையின் கட்டுமான நிறுவனமான இர்கான் புதுப்பித்து, 2015இல் ரயில் ஓடியது. அங்கே வெளிநாட்டுக்காரர் நாம்தான். அங்குள்ளவர்கள் நம்மிடம் இதே கேள்விகளைக் கேட்டால் கோபப்படக் கூடாது.

நான்காவது வரிக்கு ஒரு வரைபடம் வேண்டும். பாதை எங்கே போய் முடிகிறது, எதை ஏற்றுகிறது? நம் மதுரைப் பாதை தூத்துக்குடித் துறைமுகத்தில் முடிந்தது. கரிசல் பருத்தி கப்பலுக்குப் போனது, கூலி ஆட்கள் இலங்கைக்குப் போனார்கள். பாதை திறந்த அதே 1876இல் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. ரயில் நிவாரணத் தானியத்தையும் கொண்டுவந்தது, அதிக விலை கிடைத்த ஊருக்கு இருப்பை அள்ளிக்கொண்டும் போனது. அதே ரயிலை நம்பித்தான் 1892இல் மதுரை ஸ்டேஷனை ஒட்டி ஹார்வி நூல் மில் வந்தது, ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிந்தது. இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை விடாதீர்கள். கென்யாவில் சீனக் கடனில் 2017இல் ஓடத் தொடங்கிய மொம்பாசா–நைரோபி பாதைக்குச் சரக்கு சேர்ப்பதற்காக, கண்டெய்னர்களை ரயிலில்தான் அனுப்ப வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. லாரிக்காரர்கள் பிழைப்புப் போய்த் தெருவில் இறங்கினார்கள்.

ஐந்தாவது, ஊரைக் கேட்டார்களா என்பது. இந்தக் கேள்வியைச் சும்மா எழுதவில்லை. சீனாவில் மாகாண மக்கள் தங்கள் காசில் தொடங்கிய ரயில் பாதைகளை மன்னரின் அரசு 1911இல் அரசுடைமையாக்கி, வெளிநாட்டு வங்கிகளின் கடனில் கட்ட முடிவு செய்தது. சிச்சுவான் மாகாணம் கொந்தளித்தது. அடக்கப் பக்கத்து மாகாணப் படையை அனுப்பினார்கள். அப்படிப் படை குறைந்த அந்தப் பக்கத்து மாகாணத்தின் வூச்சாங் நகரில் அக்டோபர் 10ஆம் தேதி புரட்சி வெடித்தது. நாலே மாதத்தில் மன்னராட்சி முடிந்தது.

கடைசி வரியை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் சேர்த்தேன்: கடன் வேண்டாம் என்றால் எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும்? போடி லைனை அகலப்பாதையாக்க 2010 முடிவில் மூடினார்கள். நம் நாட்டுப் பணம்தான், ஆண்டுக்குக் கொஞ்சமாக ஒதுக்கினார்கள். தேனிக்கு ரயில் வந்தது 2022இல், போடிக்கு 2023இல். நடுவில் பன்னிரண்டு வருஷம் ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் கொடுத்த கூலியை எந்தத் திட்டச் செலவிலும் எழுத மாட்டார்கள். நீங்கள் எழுதுங்கள். உங்கள் ஊரில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கட்டணம் எவ்வளவு வித்தியாசம், எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை நாள் என்று பெருக்கி, அந்தத் தொகையைக் கடன் வட்டிக்கு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். நாத்தனார் மகன் தேனி பஸ் ஸ்டாண்டில் இரண்டு நாள் உட்கார்ந்து ஆள் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறான்.