விட்ட இடத்திலிருந்து மறுபடி: கத்தோலிக்கருக்கு ஒரு வழிகாட்டி

ரொம்ப நாள் கோவில் பக்கம் போகாமல் இருந்துவிட்டுத் திரும்பி வர நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு சபதத்தோடுதான் ஆரம்பிக்கிறார்கள். இனி தினமும் செபமாலை, ஞாயிறு தவறாமல் பூசை என்று. விவிலியத்தின் வரிசை வேறு. முதலில் கேட்பது, பிறகு வாக்குக் கொடுப்பது, அதன்பின் விருந்து. விடுதலைப் பயண நூலின் 24ஆம் அதிகாரத்தில், கடவுளோடு செய்யும் உடன்படிக்கையின் ஏட்டை மோசே வாசிக்கிறார், மக்கள் கீழ்ப்படிவோம் என்கிறார்கள், இரத்தம் தெளிக்கப்படுகிறது, மூப்பர்கள் மலையில் கடவுளைக் கண்டு, உண்டு குடிக்கிறார்கள். நாமும் அதே வரிசையில் போவோம்.

படி 1: யோசுவா 24

மோசேக்குப் பின் இஸ்ரயேல் மக்களை வழிநடத்திய யோசுவா, செக்கேம் என்ற ஊரில் அந்த உடன்படிக்கையைப் புதுப்பித்த கதை இது. 1 முதல் 28 வரை வாசியுங்கள், அவசரப்படாமல். 2 முதல் 13 வரை கடவுள் செய்தவை மட்டுமே பேசப்படுகின்றன. மக்களிடம் எதுவும் கேட்கப்படவில்லை. ஒரு தாளில் உங்களுக்கு அவர் செய்தவற்றை அதேபோல எழுதுங்கள்.

அப்புறம் 19ஆம் வசனம். ஆண்டவருக்கு ஊழியம் புரிவோம் என்று மக்கள் சொன்னதும் யோசுவா கைதட்டவில்லை, உங்களால் முடியாது என்கிறார்! எனக்கு இந்த அதிகாரத்திலேயே பிடித்த இடம் அதுதான். சட்டென்று வரும் சபதத்தை அவர் நம்பவில்லை.

வாசித்த பின், மனதைத் தொட்ட ஒரு சொற்றொடரில் நின்று, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதைப் பற்றிக் கடவுளிடம் பேசி, கடைசியில் பேசாமல் இருங்கள். வாசிப்பு, தியானம், செபம், கடவுள் முன் ஆழ்ந்த அமைதி என்று இந்த 4 படிகளை 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி வகுத்துத் தந்தார். 15 நிமிடம் போதும். மறுநாளிலிருந்து அன்றன்றைய திருப்பலி வாசகங்களை இதே முறையில் வாசிக்கலாம்.

படி 2: பாவசங்கீர்த்தனம்

பலரும் தயங்கி நிற்பது இங்கேதான். திருவிழா நாள் வரிசையில் போய் நிற்காதீர்கள். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே நேரம் கேளுங்கள். "ஃபாதர், ரொம்ப வருஷம் ஆச்சு, முறை மறந்துபோச்சு" என்று சொன்னால் அவரே வழிநடத்துவார். கனமான பாவங்களை, என்ன, ஏறக்குறைய எத்தனை முறை என்று சொன்னால் போதும்; கதை வேண்டாம், அடுத்தவர் குற்றமும் வேண்டாம். மனத்துயர் செபம் ஞாபகம் இல்லையா? எழுதி எடுத்துப் போகலாம். கேட்டதை அவர் யாரிடமும் சொல்ல முடியாது; திருச்சபைச் சட்டம் அதை முழுமையாகத் தடை செய்கிறது. திருமணம் கோவிலில் நடக்கவில்லை போன்ற சிக்கல் இருந்தால் அதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

படி 3: திருப்பலி

வாசகங்களை வீட்டிலேயே படித்துவிட்டுப் போங்கள். கேட்கும்போது புதிதாகத் தெரியும். நற்கருணை வாங்குவதற்கு 1 மணி நேரம் முன்பு உணவை நிறுத்திவிட வேண்டும். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை.

படி 4: வாக்குறுதி

திருமுழுக்கில் கொடுத்த வாக்கை முறையாகப் புதுப்பிப்பதற்குச் சிறந்த இரவு பாஸ்கா திருவிழிப்பு, அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு. புதுத் தீ, பாஸ்கா திரி, இருட்டில் ஒவ்வொருவர் கையிலும் மெழுகுதிரி. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் 7. பல பங்குகளில் நேரம் கருதிக் குறைப்பார்கள், ஆனால் செங்கடலைக் கடக்கும் வாசகத்தை விடக் கூடாது. மறையுரைக்குப் பிறகுதான் திருமுழுக்கு வாக்குறுதிகள் வருகின்றன: சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, தந்தையை, மகனை, தூய ஆவியை நம்புகிறீர்களா. அதன்பின் தண்ணீர் தெளிப்பு, நற்கருணை. விடுதலைப் பயணம் 24இன் வரிசை அப்படியே.

அந்த இரவு தவறிவிட்டால் உயிர்ப்பு ஞாயிறு காலைத் திருப்பலியிலும் புதுப்பிக்கலாம். அதுவும் போய்விட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்காதீர்கள். ஞாயிறுதோறும் சொல்லும் நம்பிக்கை அறிக்கையிலும் தந்தை, மகன், தூய ஆவி பற்றிய அதே நம்பிக்கைதான் இருக்கிறது. கூட்டத்தோடு வேகமாக ஓடாமல், உங்கள் பதிலாக வாய்விட்டுச் சொல்லுங்கள்.