குறைந்தபட்ச ஊதிய வாதங்களை எடைபோடுவது எப்படி?

முதலில், முன்மொழியப்படும் தொகையை அதே பகுதியின் இடைநிலை ஊதியத்தோடு (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் பெறும் ஊதியம்) ஒப்பிடுங்கள். தொகையை மட்டும் பார்த்து அதிகமா குறைவா என்று சொல்லிவிட முடியாது. ‘கூலி ஏறினால் வேலை போகும்’ என்ற வாதம் முதலாளிகள் பலர் ஆட்களுக்குப் போட்டியிடும் சந்தைக்கே நன்கு பொருந்தும். ஒரே ஆலையை நம்பிய ஊரில் முதலாளியே கூலியை அமுக்கி வைக்க முடியும் என்பதால், அங்கே ஓரளவு உயர்வு வேலையைக் குறைக்காமலும் போகலாம்.

ஆதாரம் காட்டினால், எதனோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள் (பலரும் கேட்பதில்லை). 1992-இல் அமெரிக்க மாநிலமான நியூ ஜெர்சி குறைந்தபட்ச மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் அங்குள்ள துரித உணவகங்களை அண்டை மாநிலமான பென்சில்வேனியாவின் உணவகங்களோடு ஒப்பிட்டு, வேலை குறையவில்லை என்றார்கள். பின்னர் சம்பளப் பதிவேடுகளை ஆராய்ந்த வேறு இரு பொருளியலாளர்கள், நியூமார்க்கும் வாஷரும், அதை மறுத்தார்கள். ஆள் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், வேலை நேரம் வெட்டப்பட்டதா, விலை ஏறியதா என்றும் பாருங்கள்.