சிப் கம்பெனியின் வருவாயைக் கணிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்ததும் நாங்கள் ஏழெட்டுப் பேர் காபிக்கு உட்காருவோம். எல்லாரும் தமிழ்க்காரர்கள். பாதிப் பேருக்குச் சிப் வடிவமைப்பில் வேலை. பலர் அமெரிக்கப் பங்குகளில் பணம் போடத் தொடங்கி ஓரிரு வருடம்தான் ஆகிறது. போன வாரம் ஒரு தம்பி லேப்டாப்பைத் திறந்து, ஒரு கிராபிக்ஸ் சிப் நிறுவனத்தின் அடுத்த நான்கு காலாண்டு வருவாயைக் கணித்து வைத்திருந்த எக்செல் ஷீட்டைக் காட்டினார். நேர்த்தியான உழைப்பு. ஆனால் 2018-இல் நான் போட்ட கணக்கில் இருந்த அதே ஓட்டை அதிலும் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாப் பணத்தையும் ஒரே பங்கில் கொட்டக் கூடாது, கடன் வாங்கிப் பங்கு வாங்கக் கூடாது என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

மேடையில் காட்டியதை விற்றதாக எண்ணுவது

புதுச் சிப்பை மேடையில் தூக்கிக் காட்டும் நாளுக்கும் அது பணமாகும் நாளுக்கும் நடுவே பல மாதங்கள் உண்டு. என்விடியா தன் பிளாக்வெல் என்ற ஏஐ சிப்பை அறிவித்தது 2024 மார்ச் 18. உற்பத்தியில் தேறும் சிப்களின் விகிதத்தைக் கூட்ட, மாஸ்க்கில் (சிப்பின் வடிவத்தைப் பதிக்கும் அச்சில்) ஒரு மாற்றம் செய்ததாக ஆகஸ்டில் சொன்னார்கள். பிளாக்வெல்லிலிருந்து 1,100 கோடி டாலர் வருவாய் வந்தது 2025 ஜனவரியில் முடிந்த காலாண்டில். வேகமாக ஓடிய தயாரிப்புக்கே பத்து மாதம். இன்டெல்லின் 10 நானோமீட்டர் தயாரிப்புத் தொழில்நுட்பத்தை 2016-ஐ ஒட்டி எதிர்பார்த்தார்கள். லேப்டாப்களில் அது பரவலாக வந்தபோது 2019 ஆகிவிட்டது.

"ஆண்டின் இரண்டாம் பாதியில் வெளியீடு" என்று ஒரு நிறுவனம் சொன்னால், டிசம்பர் கடைசி வாரம் என்று எழுதிக்கொள்வது என் பழக்கம். வருவாயை அதற்கும் அடுத்த காலாண்டில்தான் சேர்ப்பேன்.

நிதியாண்டைக் குழப்புவது

என்விடியாவின் ஆண்டு ஜனவரி கடைசி ஞாயிறில் முடிகிறது; மற்ற சிப் நிறுவனங்களான ஏஎம்டி, இன்டெல் இரண்டுக்கும் டிசம்பர் கடைசிச் சனி; மெமரி சிப் செய்யும் மைக்ரானுக்கு ஆகஸ்ட் கடைசியை ஒட்டி. "இரண்டாம் காலாண்டு" என்று எழுதாதீர்கள், மாதத்தை எழுதுங்கள்.

நடுவில் தேங்கிய சரக்கைப் பார்க்காமல் விடுவது

தம்பியின் ஷீட்டில் இருந்த ஓட்டை இதுதான்.

2018 தொடக்கத்தில் சனிக்கிழமைதோறும் பெங்களூரில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்குப் போவேன். கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி டிஜிட்டல் நாணயம் ஈட்டும் கிரிப்டோ மைனிங் உச்சத்தில் இருந்த நேரம். ஒரே ஆள் ஆறு கிராபிக்ஸ் கார்டு வாங்கிக்கொண்டு போவார். பல ஆயிரம் ரூபாய் கூட்டிச் சொன்னாலும் பேரம் பேச மாட்டார்கள். கடை கடையாக விலை கேட்டு நோட்டில் குறித்தேன். மே மாதம் என்விடியாவின் முடிவு வந்தது: வருவாய் 321 கோடி டாலர், முந்தைய ஆண்டைவிட 66 சதவீதம் அதிகம். என் நோட்டும் அவர்கள் அறிக்கையும் ஒன்றாகப் பேசின. தேவையை நேரிலேயே பார்த்துவிட்டேன் என்று நம்பினேன்.

ஜூலையில் கூட்டம் கரைந்தது. எனக்குப் பழக்கமான ஒரு கடைக்காரர், தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி, மேல் அலமாரியைக் காட்டினார். "தம்பி, இப்போ இதைக் கேக்க ஆளு கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டர் என்னடான்னா இன்னும் இருபது எடுத்துக்கிடுங்க, விலையக் கொறச்சுத் தாரேன்னு நிக்கான். நான் எங்க கொண்டு வைக்க?"

கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஆகஸ்டில் வந்த முடிவிலும் வருவாய் 312 கோடி. முந்தைய ஆண்டைவிட 40 சதவீதம் கூடுதல். ஒரு தெருவில் ஒரு கடை மந்தமானால் என்ன என்று நினைத்து, மகள் படிப்புக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியையும் செப்டம்பரில் என்விடியா பங்கில் போட்டேன்.

நான் புரிந்துகொள்ளத் தவறியது இதைத்தான். சிப் நிறுவனம் கார்டு வாங்குகிறவருக்கு விற்பதில்லை. பெரும்பாலும் கார்டு தயாரிப்பாளருக்குச் சிப்பை விற்கிறது. அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டர், பிறகு கடை, கடைசியாக வாடிக்கையாளர். சிப் முதல் வாசலைத் தாண்டியதுமே நிறுவனத்தின் கணக்கில் வருவாய் ஏறிவிடும். கடையில் வாங்குவது நின்ற பிறகும் நடுவில் இருப்பவர்களின் கிடங்கு நிரம்பிக்கொண்டிருக்கும், அறிக்கையில் வருவாய் தெரிந்துகொண்டே இருக்கும்.

திரும்பும்போது அடி பல மடங்காக விழும். மாதம் 100 கார்டு விற்கிறது, நடுவில் இரண்டு மாதச் சரக்காக 200 கார்டு இருக்கிறது என்று வையுங்கள். விற்பனை 80 ஆகிறது. இப்போது 160 இருந்தால் போதும். 40 கார்டு மிச்சம். ஆகவே அந்த மாதம் நிறுவனத்துக்குப் போகும் ஆர்டர் 40 மட்டுமே. கடையில் 20 சதவீதச் சரிவு, நிறுவனத்தில் 60 சதவீதச் சரிவு.

நவம்பர் 15 அன்று அதுதான் நடந்தது. அந்தக் காலாண்டின் வருவாய் 318 கோடி, குறையே இல்லை. அடுத்த காலாண்டுக்கு மட்டும் 270 கோடிதான் என்றார்கள். சந்தை 340 கோடியை எதிர்பார்த்திருந்தது. நடுத்தர விலைக் கார்டுகள் விற்பனைச் சங்கிலியில் தேங்கிவிட்டன, அவை கரைய ஒன்றிரண்டு காலாண்டு ஆகும் என்பது விளக்கம். மறுநாள் பங்கு சுமார் 19 சதவீதம் விழுந்தது. ஜனவரி 28-இல் அந்த 270-ஐயும் 220 ஆகக் குறைத்தார்கள். நான் டிசம்பரிலேயே விற்றுவிட்டேன். போட்டதில் ஏறக்குறைய பாதி போயிருந்தது. பணம் போனது ஆறிவிட்டது. அண்ணாச்சி சொன்னதைக் காதில் வாங்காமல் வந்தது இன்னும் ஆறவில்லை.

அவரை விடுங்கள், ஆகஸ்ட் அறிக்கையிலேயே விஷயம் இருந்தது. மே முடிவில் 28.9 கோடி டாலராக இருந்த கிரிப்டோ வருவாய் 1.8 கோடிக்கு இறங்கியிருந்தது. நிறுவனத்தின் சொந்தச் சரக்கிருப்பு 2018 ஜனவரியில் ஏறக்குறைய 80 கோடி. ஜூலையில் 110 கோடியைத் தொட்டிருந்தது. அக்டோபரில் 140 கோடியைத் தாண்டியது. அதே ஒன்பது மாதத்தில் காலாண்டு வருவாய் கூடியது 9 சதவீதம்தான். நான் வருவாய் எண்ணை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தை மூடியிருந்தேன்.

2022-இல் மறுபடியும் இதே கதை. ஆகஸ்ட் 8 அன்று, முன்பு சொன்ன 810 கோடிக்குப் பதில் 670 கோடிதான் வரும் என்றது என்விடியா. அக்டோபர் 6 அன்று ஏஎம்டி, கம்ப்யூட்டர் சந்தை தளர்ந்ததால் 670 கோடி என்று சொல்லியிருந்ததை 560 ஆக்கியது. இந்த முறை நான் இருப்பைப் பார்த்து முன்பே ஒதுங்கியிருந்தேன். காபிக் கூட்டத்தில் இருவர் ஒதுங்கவில்லை.

என்ன பார்க்க வேண்டும்? காலாண்டு அறிக்கையில் இன்வென்டரி (சரக்கிருப்பு) தொகையை, விற்ற சரக்கின் அடக்கவிலையால் வகுத்து 90-ஆல் பெருக்குங்கள். எத்தனை நாள் சரக்கு கையில் இருக்கிறது என்று தெரியும். நாள் கூடினால் உடனே பயப்பட வேண்டாம். குறிப்புகளில் அது எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். பாதி முடிந்த சரக்கு கூடியிருந்தால் புதுத் தயாரிப்புக்கு ஏற்பாடு நடக்கலாம். முழுதாக முடிந்த சரக்கு மட்டும் குவிந்தால், பெரும்பாலும் பழையது போகவில்லை என்று பொருள். பழையது போகாதவரை, அதே விலைப் பிரிவில் புதுச் சிப்பை இறக்க எந்த நிறுவனமும் அவசரப்படாது. ஆகவே வெளியீட்டுத் தேதியைக் கணிக்கவும் எனக்கு இந்த எண்தான் முதலில் வேண்டும்.

இப்போது வாங்குகிறவர்கள் மைக்ரோசாஃப்ட், மெட்டா, அமேசான் போன்ற பெரிய நிறுவனங்கள், எஸ்.பி. ரோடு கணக்கு இங்கே செல்லாது என்றார் தம்பி. வாங்கிய சிப் ஓட மின்சாரமும் கட்டடமும் வேண்டும். அவை தயாராகாவிட்டால் சிப் காத்துக் கிடக்கும், கிடங்கு யாருடையதாக இருந்தாலும்.

எதிர்பார்ப்பைத் தாண்டினால் பங்கு ஏறும் என்பது

2020 ஜூலை 23. இன்டெல் வருவாய் எதிர்பார்ப்பைத் தாண்டியது: 20 சதவீதம் கூடி 1,970 கோடி டாலர். அதே அறிக்கையில், அடுத்த தொழில்நுட்பமான 7 நானோமீட்டர் சுமார் ஆறு மாதம் தள்ளிப்போகிறது என்று ஒரு வரி. மறுநாள் பங்கு 16 சதவீதம் சரிந்தது.

சிப் கம்பெனியில் வேலை பார்க்கும் வைட்ஃபீல்டு நண்பன் சொன்ன உள்தகவல்

வேண்டவே வேண்டாம். சட்டப்படி குற்றம், அவன் வேலையும் போகும்.

விடியுமுன் முடிவெடுப்பது

அமெரிக்கச் சந்தை மூடிய பிறகு முடிவுகள் வரும்போது நமக்கு அதிகாலை 2 மணியை ஒட்டி இருக்கும். முதலில் கண்ணில் படுவது வருவாய் எண்தான். சரக்குத் தேக்கம் பற்றிய விரிவான பேச்சு பெரும்பாலும் அதன் பிறகு நிறுவனம் முதலீட்டாளர்களுடன் நடத்தும் கான்ஃபரன்ஸ் காலில்தான் வரும். தூங்கி எழுந்து, அதன் எழுத்து வடிவத்தைக் காலையில் படியுங்கள். அடுத்த சந்தை திறக்க மாலை 7 மணி ஆகும், குளிர்காலத்தில் 8.