ஒளிரும் தண்ணீரில் இரவுக் கயாக்: பகலிலேயே செய்துவிடும் தவறுகள்

அமெரிக்காவில் படிக்கும் நம் மாணவர்கள் ஸ்பிரிங் பிரேக் (வசந்தகால விடுமுறை) வந்தால் கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவுக்குக் கிளம்புவதுண்டு. அமெரிக்க ஆட்சிப்பகுதி என்பதால் தனி விசா வேண்டாம், செலவும் டாலரில்தான். பகலில் தலைநகரின் பழைய சான் ஹுவான் பகுதி, இரவில் ஃபஹார்டோ ஊரின் லகுனா கிராண்டே என்ற ஒளிரும் காயலில் கயாக் (சிறு துடுப்புப் படகு) என்று ஒரே நாளில் திட்டம் போடுவார்கள். முடியாத திட்டம் இல்லை. ஆனால் துடுப்பைத் தொடுவதற்கு முன்பே அந்த இரவைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

தேதியிலேயே பாதி தவறு நடந்துவிடுகிறது. நிலவு காயும்போது தண்ணீரின் ஒளி எடுபடாது, அமாவாசையை ஒட்டிப் போவதே நல்லது. இது பலருக்கும் தெரியும். லீவு பௌர்ணமி வாரத்தில் வந்து விழுந்தால் என்ன செய்வது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். பௌர்ணமிக்கு முந்தைய நாட்களில் பொழுது சாயும்போதே நிலா மேலே நிற்கும். முன்னிரவு முழுக்க வெளிச்சம். பௌர்ணமி கழிந்துவிட்டால் நிலா உதிப்பது நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நாலு நாள் கழித்து, இருட்டியதும் கிளம்பும் முதல் குழுவில் போனால் நல்ல இருட்டு கிடைக்கும். அதே நாளில் பத்து மணிக் குழுவுக்கு அது கிடைக்காது. அதனால் பிறையை மட்டும் பார்க்காமல், அன்றைக்கு நிலா எத்தனை மணிக்கு உதிக்கிறது என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். வானம் மூடியிருக்கிறதே என்று ரத்து செய்ய வேண்டாம், மேகம் இருட்டுக்குத் துணைதான். பெருமழை வேறு கதை: மழைநீர் நிறையக் கலந்தால் ஒளி மங்கிவிடும்.

அடுத்தது சன்ஸ்கிரீன். பழைய சான் ஹுவானின் எல் மோரோ கோட்டைக்கு முன்னால் இருக்கும் பெரிய புல்வெளியில் ஒதுங்க நிழல் கிடையாது. 1539-இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது; அடுக்கடுக்காக ஏறி இறங்க வேண்டும். அந்த வெயிலுக்குக் கை கால் முழுக்கச் சன்ஸ்கிரீன் பூசத்தான் வேண்டும். சாயங்காலம் அதன் மேலேயே கொசு மருந்தையும் அடித்துக்கொண்டு கயாக்கில் உட்காருவதுதான் தப்பு. காயலில் ஒளிர்வது பைரோடினியம் பஹாமென்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. தண்ணீர் அசைந்ததும் அதற்குள் லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேர்ந்து, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நீலமாக மின்னி அணைகிறது. கையைத் தண்ணீரில் விடும்போது பூச்சும் மருந்தும் அதில் கரைந்து அந்த உயிரிக்குக் கெடுதல் செய்கின்றன. கிளம்புமுன் சோப்புப் போட்டு ஒரு குளியல், கொசுவுக்கு மெல்லிய முழுக்கைச் சட்டை, போதும்.

கோட்டை ஒன்றோடு நிறுத்தாமல் சான் கிறிஸ்டோபல் கோட்டை, எல் யூன்கே மழைக்காடு என்று எல்லாவற்றையும் அதே பகலில் திணிப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், காட்டை மறுநாளுக்குத் தள்ளுங்கள். நாள் முழுக்க வெயிலில் அலைந்த தோளுக்கு இரவில் துடுப்பு கனக்கும்.

சரி, போய்ச் சேருவது எப்படி? ஃபஹார்டோ கிழக்குக் கோடியில் இருக்கிறது. சான் ஹுவானிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம், மாலை நெரிசலில் இன்னும் கூடும். ரயில் கிடையாது. போகும்போது ஊபர் கிடைத்துவிடும், திரும்பும்போது ராத்திரியில் அங்கே ஊபரை நம்பி நிற்காதீர்கள். 25 வயதுக்குக் கீழே என்றால் வாடகைக் காருக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அதனால் சான் ஹுவானிலிருந்தே வேனில் ஏற்றி, திரும்பக் கொண்டுவந்து விடும் சுற்றுலாவாகப் பார்த்துப் பதிவு செய்வது நல்லது. வியேக்கஸ் தீவின் மொஸ்கிட்டோ விரிகுடா இன்னும் பிரகாசமானது என்று கேள்விப்பட்டு அங்கே ஓடவும் வேண்டாம். உண்மைதான், ஆனால் சேய்பா துறைமுகத்திலிருந்து படகு பிடித்துப் போய் இரவு அங்கேயே தங்க வேண்டியிருக்கும்.

தண்ணீரில் இறங்கியபின் வரும் தவறுகள் சின்னவை. இருவர் கயாக்கில் திசை திருப்புவது பின்னால் இருப்பவர் வேலை. அனுபவம் இல்லாதவரை அங்கே உட்கார வைத்தால் காயலுக்குப் போகும் சதுப்புநிலக் காட்டுக் கால்வாயில் வேருக்கு வேர் முட்டிக்கொண்டே போவீர்கள். முட்டினால் கிளையைப் பிடித்து இழுக்காதீர்கள், கயாக் சாய்ந்துவிடும். கைபேசியை வண்டியிலேயே விட்டுவிடலாம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரு தடவை திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் வருபவர்களுக்கும். இணையத்தில் பார்க்கும் பளீர் நீலமெல்லாம் கேமராவை நெடுநேரம் திறந்துவைத்து எடுத்தது. கண்ணுக்குத் தெரிவது அதைவிட வெளிறியிருக்கும், ஆனால் துடுப்பு படும் இடத்தில் எல்லாம் அசையும்.

குதித்து நீந்தலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். லகுனா கிராண்டேவிலும் மொஸ்கிட்டோவிலும் நீந்தத் தடை. நீந்தியே ஆக வேண்டுமென்றால் தென்மேற்கில் இருக்கும் லா பர்குவேராவுக்குத்தான் போக வேண்டும். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.