அமெரிக்காவில் மகளுக்கு சாக்கர் கிளப் தேடுவது எப்படி? முதல்முறைப் பெற்றோருக்கான வழிகாட்டி

வசந்தம் வந்துவிட்டால் இங்குள்ள தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "பொண்ணுக்கு எட்டு வயசு, சாக்கர் நல்லா விளையாடுறா, எந்த கிளப்ல சேர்க்கலாம்?" உடனே நாலைந்து பெயர்கள் வந்து விழும். எது கோப்பை அடித்தது, எதில் சேர்த்தால் பிற்காலத்தில் கல்லூரிக்கு உதவும் என்று பேச்சு எங்கேயோ போய்விடும். நம்மில் பெரும்பாலோர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். இந்த நாட்டில் பிள்ளைகளின் சாக்கர் எப்படி நடக்கிறது என்பது பிடிபடவே ஒரு வருடம் ஆகிவிடுகிறது. அந்த ஒரு வருடத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதுக்குக் கீழுள்ள பெண்ணுக்கு கிளப்பின் பெயரைவிட, அவளுக்கு அமையும் கோச் யார் என்பதுதான் பெரிய விஷயம். பெரிய கிளப்புகளில் ஒரே வயதுக்கு மூன்று அணிகள்கூட இருக்கும். முதல் அணியின் கோச் அருமையானவராக இருப்பார். உங்கள் மகள் மூன்றாவது அணியில், கடமைக்கு வந்துபோகும் ஒருவரிடம் போய்ச் சேரலாம். அதனால் கீழே உள்ள படிகள் எல்லாமே நல்ல கோச்சைக் கண்டுபிடிக்கும் வழிகள்தான்.

படி 1: ரெக்கா, டிராவலா என்று முடிவு செய்யுங்கள்

ரெக் என்பது ஊர் அளவிலான ஆட்டம். பணம் கட்டிப் பதிந்தால் இடம் உண்டு, தேர்வு எதுவும் கிடையாது. கோச் பெரும்பாலும் யாராவது ஒரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோதான். வாரத்தில் ஒரு நாள் பிராக்டிஸ், வார இறுதியில் ஒரு மேட்ச். நகராட்சி, ஒய்.எம்.சி.ஏ., ஏ.ஒய்.எஸ்.ஓ. (அமெரிக்கன் யூத் சாக்கர் ஆர்கனைசேஷன்) போன்றவை இதை நடத்துகின்றன. 1964-இல் கலிஃபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் தொடங்கிய ஏ.ஒய்.எஸ்.ஓ.வில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: அணியில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மேட்சிலும் குறைந்தது பாதி நேரம் ஆடியே ஆக வேண்டும்.

டிராவல் அல்லது கிளப் சாக்கர் என்றால் டிரையவுட் வைத்து ஆள் எடுப்பார்கள். பெரும்பாலும் சம்பளம் வாங்கும் கோச், வாரம் இரண்டு மூன்று பிராக்டிஸ், பக்கத்து ஊர்களுக்குப் போய் மேட்ச், நடுநடுவே டோர்னமென்ட். இதற்கும் மேலே 2009-இல் தொடங்கிய ஈ.சி.என்.எல்., 2020-இல் வந்த கேர்ள்ஸ் அகாடமி என்று தேசிய அளவிலான லீக்குகள் இருக்கின்றன. அவற்றின் முக்கியப் போட்டிகள் 13 வயதை ஒட்டித்தான் ஆரம்பிக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இடம் கேட்கும்போது "எங்களிடம் ஈ.சி.என்.எல். இருக்கிறது" என்று ஒரு கிளப் சொன்னால், அதை வைத்து உங்கள் மகளின் அணி எப்படி இருக்கும் என்று ஒன்றும் சொல்ல முடியாது.

ரெக்கிலேயே இருந்தால் பின்தங்கிவிடுவாளோ என்ற பயம் எல்லோருக்கும் வருகிறது. அமெரிக்காவுக்காக 2015, 2019 இரண்டு உலகக் கோப்பைகளையும் வென்ற அலெக்ஸ் மார்கன் சின்ன வயதில் ஏ.ஒய்.எஸ்.ஓ.வில் ஆடியவர். கிளப் அணி ஒன்றில் அவர் சேர்ந்தது 14 வயதில்தான். எல்லோரும் மார்கன் ஆகிவிட முடியாது, சரி. ஆனால் எட்டு வயதில் கதவு மூடிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஏழு வயது வரை ரெக்கே தாராளம் என்பது என் எண்ணம். அவளே இன்னும் வேண்டும் என்று கேட்கிறாள், யாரும் சொல்லாமலே வீட்டுப் பின்புறத்தில் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்றால் டிராவல் பக்கம் பாருங்கள்.

படி 2: வயதுப் பிரிவைச் சரிபாருங்கள்

பல ஆண்டுகளாகப் பிறந்த ஆண்டை வைத்துத்தான் அணி பிரித்தார்கள். 2026-27 சீசனிலிருந்து யு.எஸ். யூத் சாக்கர், யு.எஸ். கிளப் சாக்கர், ஏ.ஒய்.எஸ்.ஓ. ஆகிய மூன்று அமைப்புகளும், ஆகஸ்ட் 1 முதல் அடுத்த ஜூலை 31 வரை பிறந்தவர்கள் ஒரே பிரிவு என்ற கணக்குக்கு மாறுகின்றன. வகுப்புத் தோழிகள் பெரும்பாலும் ஒரே அணியில் ஆட வேண்டும் என்பதற்கான மாற்றம் இது. இணையத்தில் கிடைக்கும் பழைய அட்டவணையைப் பார்த்துக் குழம்பாமல், மகள் எந்தப் பிரிவில் வருகிறாள் என்று கிளப்பிடமே கேட்டுவிடுங்கள்.

வயதைப் பொறுத்து ஆட்டமும் மாறும். எட்டு வயது வரை நாலு பேருக்கு நாலு பேர், கோல்கீப்பர் கிடையாது, 3-ஆம் எண் பந்து. ஒன்பது, பத்து வயதில் ஏழு பேர். பதினொன்று, பன்னிரண்டில் ஒன்பது பேர். இரண்டுக்கும் 4-ஆம் எண் பந்து. பதினொரு பேர் ஆடும் முழு ஆட்டமும் 5-ஆம் எண் பந்தும் 13 வயதுப் பிரிவில்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அணியில் எத்தனை பேர் என்று கேட்கும்போது இந்தக் கணக்கு கைகொடுக்கும். ஏழு பேர் ஆடும் வயதில் பத்து, பன்னிரண்டு பேரைச் சேர்த்திருந்தால் நியாயம். பதினாறு பேர் என்றால் மேட்ச் முழுக்க ஒன்பது பிள்ளைகள் வெளியே உட்கார்ந்திருப்பார்கள்.

படி 3: தூரத்தையும் பணத்தையும் கணக்குப் போடுங்கள்

ரெக்குக்கு ஒரு சீசனுக்கு நூறு, இருநூறு டாலரில் முடிந்துவிடும். டிராவலுக்கு வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு முதல் மூவாயிரம் டாலர் வரை ஆவது சாதாரணம். யூனிஃபார்ம், டோர்னமென்ட் கட்டணம், ஹோட்டல் எல்லாம் தனி. மொத்தம் எவ்வளவு, நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வையுங்கள். கட்டணச் சலுகை தரும் கிளப்புகள் பல உண்டு, கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

தூரத்தை ஞாயிறு காலையில் மேப்பில் பார்க்காதீர்கள். வேலை நாள் மாலை ஐந்தரை மணிக்கு அந்த மைதானத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது, கார்பூலுக்கும் ஆள் இல்லை என்றால், நவம்பரில் அஞ்சு மணிக்கே இருட்டும்போது வீட்டில் எல்லோருக்கும் அலுத்துவிடும்.

படி 4: பிராக்டிஸைப் போய்ப் பாருங்கள்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கிளப்புக்கு எழுதி, அடுத்த வருடம் உங்கள் மகளின் வயதுக்கு யார் கோச் என்று கேளுங்கள். அவர் இப்போது நடத்தும் ஒரு சாதாரண பிராக்டிஸைப் பார்க்க அனுமதி வாங்குங்கள். மேட்ச் வேண்டாம்; மேட்ச் அன்று எல்லோரும் நல்லபடியாக நடந்துகொள்வார்கள். வேலிக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு முழு நேரமும் உட்காருங்கள்.

முதலில் ஒரு பிள்ளையை மட்டும் தேர்ந்தெடுங்கள். நன்றாக ஆடும் பெண் வேண்டாம், ஓரமாக நிற்கும் ஒருத்தியைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் அவள் காலில் எத்தனை முறை பந்து படுகிறது என்று எண்ணுங்கள். நல்ல பிராக்டிஸில் ஆளுக்கொரு பந்து இருக்கும், அல்லது மூன்றுக்கு மூன்று என்று சின்னச் சின்ன ஆட்டங்கள் நடக்கும். எண்ணுவதற்குள் கணக்கு விட்டுப்போகும். மோசமான பிராக்டிஸில் ரேஷன் கடை மாதிரி வரிசை நிற்கும். ஒருத்தி உதைத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போவாள், அடுத்த முறை வருவதற்குள் புல்லைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். ஒரு மணி நேர பிராக்டிஸில் இப்படி நாற்பது நிமிடம் போனால், மாதக் கட்டணம் எதற்கு?

அப்புறம், யாராவது தப்பாக பாஸ் கொடுக்கும்வரை காத்திருங்கள். அடுத்த நொடியில் அந்தப் பெண்ணின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். பந்து போன திசையில் பார்த்து ஓடினால் நல்ல இடம். தோளைக் குறுக்கிக்கொண்டு கோச்சின் முகத்தைப் பார்த்தால், அங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்கே புரிந்துவிடும். பெண் பிள்ளைகள் திட்டு வாங்கினால் பெரும்பாலும் எதிர்த்துப் பேசுவதில்லை. பந்து வந்தாலே பயந்து, வந்த வேகத்தில் தட்டி விட்டுவிடுகிறார்கள். புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் துணிச்சல் அதோடு போய்விடும்.

கோச் பேசும் விதமும் கவனிக்க வேண்டியது. சின்னப் பிள்ளைகளிடம் மண்டியிட்டு, கண் மட்டத்துக்கு இறங்கிப் பேசுகிறாரா? பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? பெயர் சற்று நீளமான நம் பிள்ளைகளையும் சரியாகக் கூப்பிட முயல்கிறாரா? "பொண்ணுங்க இவ்வளவுதான்" என்ற தொனி எங்காவது எட்டிப் பார்க்கிறதா? பெண் கோச் என்றால் எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. பத்து வயதுப் பெண், தன்னைப் போலவே ஆடி வளர்ந்த ஒருவரைப் பக்கத்தில் பார்ப்பதற்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அதை மட்டுமே வைத்து முடிவு எடுக்க வேண்டாம்.

போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். பல கிளப்புகள் ஒரு நாள் சேர்ந்து ஆடிப் பார்க்க விடுவார்கள்.

படி 5: கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

பிராக்டிஸ் முடிந்ததும் ஐந்து நிமிடம் பேசுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மேட்சில் எவ்வளவு நேரம் கிடைக்கும்? எல்லோரும் எல்லா இடத்திலும் மாறி மாறி ஆடுவார்களா, அல்லது ஒன்பது வயதிலேயே ஒருத்தி நிரந்தர கோல்கீப்பரா? நீங்கள் என்ன கோச்சிங் லைசென்ஸ் வைத்திருக்கிறீர்கள்? நாட்டின் சாக்கர் கூட்டமைப்பான யு.எஸ். சாக்கரின் லைசென்ஸ் வரிசையில் கிராஸ்ரூட்ஸ் முதல் படி. அதற்கு மேல் டி, சி, பி, ஏ என்று போகும். சின்ன வயதுக்கு கிராஸ்ரூட்ஸ் படித்த, பிள்ளைகளை நேசிக்கும் ஒருவர் போதும்.

உடம்பு பற்றியும் கேளுங்கள். 2015-இல் யு.எஸ். சாக்கர் கொண்டுவந்த விதிப்படி பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது. 11 முதல் 13 வயது வரை பிராக்டிஸில் அளவோடுதான். இது கோச்சுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பருவ வயதில் முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்து பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அதைக் குறைக்கவென்றே ஃபிஃபா 11+ போன்ற வார்ம்-அப் முறைகள் இருக்கின்றன. சின்னவர்களுக்குத் தனி வடிவமும் உண்டு. "வார்ம்-அப்பில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓடுவோம் என்று சொன்னால், அது போதாது.

எட்டு வயதுப் பிள்ளையின் பெற்றோரிடம் கல்லூரி ஸ்காலர்ஷிப் பற்றிப் பேசும் கிளப்பை நான் நம்ப மாட்டேன். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1-இன் கோச்சுகள் ஒரு மாணவியிடம் சேர்க்கை பற்றிப் பேசத் தொடங்கவே பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரை காத்திருக்க வேண்டும்.

படி 6: பாதுகாப்பில் சமரசம் வேண்டாம்

2022 அக்டோபரில் வெளியான சாலி யேட்ஸ் அறிக்கையைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். தொழில்முறைப் பெண்கள் லீக்கில் கோச்சுகள் நடத்திய அத்துமீறல்களை விசாரித்த அறிக்கை அது. இதற்கெல்லாம் வேர், கத்தித் திட்டும் கோச்சிங்கைச் சகஜமாக்கிவிட்ட சிறுவர் சாக்கரிலேயே இருக்கிறது என்று அது சொன்னது. அதனால்தான் திட்டும் கோச்சை "ஸ்ட்ரிக்ட்டா இருக்கார், நல்லதுதான்" என்று நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

கிளப்பிடம் நேரடியாகக் கேளுங்கள்: எல்லா கோச்சுகளுக்கும் பின்புலச் சோதனை ஆகியிருக்கிறதா, பிள்ளைகளை அத்துமீறலிலிருந்து காப்பதற்கான சேஃப்ஸ்போர்ட் பயிற்சி முடித்திருக்கிறார்களா? யு.எஸ். சென்டர் ஃபார் சேஃப்ஸ்போர்ட் தளத்தில், நடவடிக்கைக்கு உள்ளானவர்களின் பட்டியலில் கோச்சின் பெயரை நீங்களே தேடலாம். வயது வந்த ஒருவர் பிள்ளையோடு மற்றவர் கண்ணில் படாத இடத்தில் தனியாக இருக்கக் கூடாது. பெற்றோரைச் சேர்க்காமல் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. இவை எழுதிய விதிகள். கேட்டால் நல்ல கிளப் சந்தோஷமாகப் பதில் சொல்லும். கேள்வியே தப்பு என்பது போல முகம் மாறினால் அந்த இடம் வேண்டாம்.

படி 7: டிரையவுட்டும் அதற்குப் பிறகும்

பல மாநிலங்களில் மே, ஜூன் வாக்கில் டிரையவுட் நடக்கும். இரண்டு மூன்று கிளப்புகளுக்குப் போகலாம், அதில் தப்பே இல்லை. முந்தைய இரவு நன்றாகத் தூங்கட்டும். பழகிய கிளீட்ஸ் (சாக்கர் ஷூ), ஷின் கார்டு, தண்ணீர் பாட்டில் போதும். புது ஷூவை அன்றைக்குத்தான் முதன்முதலில் போட வேண்டாம், கால் கடித்துவிடும். ஓரத்திலிருந்து நீங்கள் எதுவும் கத்த வேண்டாம்.

இடம் தருகிறோம் என்று மின்னஞ்சல் வந்தால் ஓரிரு நாளில் பதில் கேட்பார்கள். அதற்குள் எந்த அணி, எந்த கோச் என்பதை எழுத்தில் உறுதி செய்யுங்கள். "கோச் இன்னும் முடிவாகவில்லை" என்று பதில் வந்தால், நான் கூடுதல் அவகாசம் கேட்பேன். தராவிட்டால், பிராக்டிஸைப் பார்த்துப் பிடித்துப்போன சின்ன கிளப்பைத் தேர்ந்தெடுப்பேன்.

சேர்ந்த பின் ஆறு வாரம் விட்டுப் பாருங்கள். தோற்று வந்த நாளில் அழுவது இயல்பு, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பிராக்டிஸ் உள்ள நாளாகப் பார்த்து வயிற்றுவலி வருகிறதென்றால் உட்கார்ந்து பேசுங்கள். முதலில் மகளிடம், பிறகு கோச்சிடம், மேட்ச் முடிந்த சூட்டோடு அல்லாமல் ஒரு நாள் கழித்து. பாதுகாப்புப் பிரச்சினை என்றால் அன்றே நிறுத்திவிடுங்கள். மற்றபடி அந்த சீசனை முடித்துவிட்டு, ஏப்ரலில் கோச்சுக்கு நன்றி சொல்லி எழுதிவிட்டு, வேறொரு மைதானத்தின் வேலி ஓரம் நாற்காலியைப் போடலாம்.